பற்ச் எத்தனை?

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் விரிவுரை. விரிவுரையாளரின் சப்பாத்துச் சத்தம் நடைபாதையின் அந்தத் தொங்கலில் கேட்டதுமே நான் உட்கார்ந்திருக்கும் வாங்கின் மேல் ஏறிவிடுவேன். "பற்ச் எத்தனை?" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவேன். "தொண்ணூற்றொண்டு!" என்று மண்டபம் முழுவதும் திருப்பிக் கத்தும். மேசைகளில் அடி விழும். யன்னல் கண்ணாடிகள் அதிரும். வெளியே புல் மேய்ந்துகொண்டு நிற்கும் மாடுகள் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கும். விரிவுரையாளர் உள்ளே வரும்போது நாங்கள் ஒன்றுமறியாத பிள்ளைகளாக உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு சந்தோசத்தை அதற்குப் பிறகு நான் எந்த வேலையிடத்திலும் கண்டதில்லை.

அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் தொண்ணூற்றிரண்டு பேர் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பற்ச் என்றால் ஒரே ஆண்டில் கம்பஸுக்குள் காலடி வைத்தவர்கள். வெளியே இருப்பவர்களுக்கு அது வெறும் சொல். உள்ளே இருப்பவர்களுக்கு அது சாதி, சமயம், ஊர் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு சொந்தம். நான் அன்புவழிபுரத்துப் பெண். கம்பஸ் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் சம்பூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தபோது, நான் அதுவரை எங்கள் மாதா கோவில் வளவைத் தாண்டியதே இல்லை என்று தெரிந்தது. அப்பாவுக்கு அவசரமாக இரத்தம் தேவைப்பட்ட நாளில் ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் பற்ச் பெடியன்கள் இருபது பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சம்பூர்ப் பெடியன் ஒருவனின் வீட்டுக் கூரை காற்றில் போனபோது, சனிக்கிழமை விடியவே ஒரு லொறி நிறைய ஆட்கள் போய் இறங்கினோம். அவனுடைய அம்மா எங்களுக்குச் சோறு போட்டுக் களைத்துப்போனார். படித்து முடித்த சீனியர்மார் எந்தக் கந்தோரில் இருந்தாலும், "நீங்கள் எந்தப் பற்ச்?" என்று கேட்டுவிட்டுத்தான் கதிரையைக் காட்டுவார்கள். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை.

அதன் விலை வேறு விதமாக வசூலிக்கப்பட்டது. முதல் மூன்று மாதமும் சீனியர்மார் சொல்வதுதான் சட்டம். நீளப் பாவாடை, இரட்டைப் பின்னல், ரப்பர் செருப்பு. தோளில் பை மாட்டக்கூடாது, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகவேண்டும். கன்ரீனுக்குப் பின்பக்கத்தால்தான் நுழையவேண்டும். பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம் என்று வாசலில் மூன்று மொழியிலும் பெரிய பலகை இருந்தது. அந்தப் பலகையின் நிழலில்தான் எங்களை வரிசையாக நிறுத்துவார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு சீனியர் அக்கா எங்கள் எல்லோரையும் செருப்பைக் கழற்றிவிட்டு மைதான மணலில் நிற்கச் சொன்னார். வெயில் தகித்தது. நாங்கள் கழற்றினோம். கடைசி வரிசையில் நின்ற ஒருத்தி மட்டும் கழற்றவில்லை. ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தவள். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அதுவரை அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"ஏலாது அக்கா," என்றாள்.

"ஏன் ஏலாது?"

"நான் படிக்க வந்தனான். வெயிலிலை நிக்கிறதெண்டா எங்கடை வயலிலையே நிண்டிருப்பன். அங்கை நிண்டா நெல்லாவது விளையும்."

கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு நூலகத்துப் பக்கம் நடந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மணல் சுட்டுக்கொண்டிருந்தது. கால் மாற்றி மாற்றி நின்றபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆத்திரம் அந்த அக்கா மேல் வரவில்லை. செருப்போடு நடந்து போகிறவள் மேல்தான் வந்தது. நாங்கள் வேகும்போது இவள் மட்டும் யார்?

அன்று பின்னேரமே தீர்ப்பு வந்தது. அதே அக்கா மரத்தடியில் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். "அவள் உங்கடை பற்ச் இல்லை. ஆரும் கதைக்கக்கூடாது. நோட்ஸ் குடுக்கக்கூடாது. சாப்பிடேக்கை பக்கத்திலை இருக்கக்கூடாது. கதைச்சா கதைக்கிற ஆளும் வெளியிலை. விளங்கினதோ? இப்ப சொல்லுங்கோ, பற்ச் எத்தனை?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கணம்தான். நான் முந்திக்கொண்டு கத்தினேன். "தொண்ணூற்றொண்டு!"

என் தொண்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கோவில் பாடற்குழுவில் என்னைப் பின்வரிசையில் நிற்கவைத்து, "பிள்ளை, கொஞ்சம் குறைச்சுப் பாடும், மற்றவையும் பாடினம்," என்று கெஞ்சுவார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் அந்தத் தொண்டையைப் பாராட்டினார். "இந்தத் தொண்டைதான் இனிக் கத்தோணும்," என்றார் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள். அப்படித்தான் நான் பற்ச்சின் குரலானேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பாதத்தில் கொப்புளம் போட்டிருந்ததை அம்மா பார்த்து, "இதென்னடி?" என்றார். புதுச் செருப்பு கடித்துவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்தப் பெண்ணோடு யாரும் கதைக்கவில்லை. விடுதியில் அவளுடைய அறையில் இருந்த மூன்று பேரும் அவளைத் தாண்டித் தாண்டியே கதைத்துக்கொள்வார்கள். பிறந்தநாள் கேக் வெட்டினால் அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு தட்டுப் போகும். வாட்ஸ்அப் குழுவில் அவள் இல்லை. விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் யன்னலோரம் அவளுடைய இடம். பக்கத்து இடம் எப்போதும் காலி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன்னைக் கழித்துவிட்டு நாங்கள் கத்தும் எண்ணை அவள் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் கத்தி முடித்ததும் பேனை மூடியைக் கழற்றுவாள்.

கதை இப்போது என் பக்கம் திரும்புகிறது. முதலாம் ஆண்டுப் புள்ளிவிபரவியலில் நான் விழுந்தேன். சும்மா விழவில்லை, குப்புற விழுந்தேன். எங்கள் பிரிவில் அந்தப் பாடத்தை இரண்டாம் முறையும் தவறவிட்டால் மேலே போக முடியாது. கீழே இருக்கும் பற்ச்சோடுதான் சேரவேண்டும். அதாவது, நான் இரட்டைப் பின்னல் போடவைத்த பிள்ளைகளோடு போய் வாங்கில் இருக்கவேண்டும். திங்கட்கிழமை காலையில் அவர்களுடைய எண்ணிக்கையில் நானும் ஒருத்தியாகக் கத்தவேண்டும். எங்கள் பற்ச் எனக்கு அண்ணாந்து பார்க்கும் சீனியர் ஆகிவிடும். செத்தாலும் பரவாயில்லை, பற்ச் போகக்கூடாது என்று மாதாவிடம் நேர்த்தி வைத்தேன்.

கம்பஸில் இதற்கெல்லாம் ஒரு மருந்து இருக்கிறது. பெயர் குப்பி. சிங்களத்தில் குப்பி விளக்கைச் சொல்லும் சொல் என்பார்கள். பரீட்சைக்கு முன் விளங்கிய ஒருவர் விளங்காத மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பதுதான் குப்பி. விரிவுரையில் மூன்று மாதம் விளங்காதது குப்பியில் மூன்று மணித்தியாலத்தில் விளங்கிவிடும். பற்ச்சில் இல்லாதவர்களுக்குக் குப்பி இல்லை. எங்களுக்குக் குப்பி எடுப்பவன் ஒரு கிண்ணியாப் பெடியன். மென்மையான குரல், நல்ல கையெழுத்து. அவன் கரும்பலகையில் சூத்திரங்களை அழகழகாக எழுதினான். நான் கேள்வி கேட்டேன். இன்னொரு கேள்வி கேட்டேன். மூன்றாவது கேள்வியில் அவன் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தான்.

"உண்மையச் சொல்றன்," என்றான். "எனக்கே வெளங்கல்ல. பாடமாக்கித்தான் பாஸ் பண்ணின. இந்தப் பாடம் வெளங்கின ஆள் இந்தக் கம்பஸில ஒண்டுதான்." நாடியை மட்டும் நூலகத்துப் பக்கம் அசைத்தான். அவன் யாரைச் சொன்னான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நூலகத்தில் அவள் எழுந்துபோன நேரம் பார்த்து அவளுடைய புத்தகத்துக்குள் ஒரு துண்டு வைத்தேன். 'வெள்ளிக்கிழமை உங்கள் பஸ்ஸில் வரலாமா?' அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேர பஸ்ஸில் ஊருக்குப் போவது எல்லோருக்கும் தெரியும். கதைக்க ஆளில்லாத விடுதியில் சனி, ஞாயிறு யார் இருப்பார்கள்? மறுநாள் என் புத்தகத்துக்குள் பதில் இருந்தது. 'பஸ் எல்லாருக்கும் பொது.'

வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். கள்ளக்காதலுக்குப் போகிறவர்கள்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டார்கள். பஸ் நிலையம் முழுக்கக் கம்பஸ் முகங்கள். அவள் முன்வாசலால் ஏறிச் சாரதிக்குப் பின்னால் இருந்தாள். நான் பின்வாசலால் ஏறி ஒரு சாக்கு மூட்டைக்கும் கதவுக்கும் நடுவே நின்றேன். பஸ் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கப்பல்கள் நின்றன. சீனக்குடாவில் இரண்டு சீனியர் அண்ணாமார் ஏறி அடுத்த தரிப்பில் இறங்கினார்கள். நான் சாக்கு மூட்டையைப் போலவே அசையாமல் இருந்தேன். கிண்ணியாப் பாலம் வந்தது. பாலம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு முன்னால் போனேன்.

"வாங்கோ, இருங்கோ," என்றாள். தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வரும் வழியெல்லாம் நான் ஒரு பெரிய மன்னிப்பைத் தயார்செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவள் கொப்பியை விரித்தாள்.

"கதை பிறகு. நியம விலகல் எண்டா என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது என்றேன். முன் இருக்கையில் ஒரு பெரியவர் பிரம்புக் கூடை நிறைய நண்டு வைத்திருந்தார். அவள் அந்தக் கூடையைக் காட்டினாள். இந்தக் கூடைதான் குடித்தொகை. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஐந்து நண்டும்தான் 'மாதிரி'. அந்த ஐந்தையும் வைத்துக் கூடையைப் பற்றி எவ்வளவு துணிந்து சொல்லலாம், எவ்வளவு துணியக்கூடாது? பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அஞ்சு நண்டப் பாத்துக் கூடைக்கு வெல சொல்ற ஆக்கள நான் கனபேர் கண்டிருக்கன் மகள். மேல நல்லதாத்தான் அடுக்கி வெப்பாங்க." அவள் உற்சாகமாகி, அப்படி அடுக்கி வைப்பதற்குத்தான் சாய்வு என்று பெயர் என்று எங்கள் இருவருக்குமே விளங்கப்படுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மின்னின. ஒரு வருடமாக முட்டி மோதிய கதவு, ஒரு நண்டுக் கூடையால் திறந்துவிட்டது! மூதூரில் இறங்கி வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது கால் நிலத்தில் படவில்லை.

அப்படி ஏழு வெள்ளிக்கிழமை. அம்மாவிடம் குப்பி என்றுதான் சொன்னேன், பொய்யில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் அறியாதவர்கள். அந்தப் பக்கம் ஆசிரியையும் மாணவியும். அவள் என்னை ஒருநாளும் 'நீ' என்று சொல்லவில்லை. திட்டும்போதும், "உங்களுக்கு மண்டைக்குள்ளை என்ன கிடக்கு?" என்றுதான் திட்டுவாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவள் சராசரியில் ஒரு பயிற்சி தந்தாள். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த எங்கள் முதலாம் ஆண்டுப் புள்ளிகளை, சுட்டெண்களோடு அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கீழே பிரிவில் கணித்துப் போட்ட சராசரியும் இருந்தது. "கூட்டுத்தொகை நான் போட்டிருக்கிறன். நீங்கள் பிரிச்சு, கீழை இருக்கிற விடை வருதோ எண்டு பாருங்கோ. வந்தால்தான் அடுத்த பாடம்."

"எத்தனையாலை பிரிக்கிறது?"

"உங்கடை பற்ச்தானே. எத்தனை பேர்?"

"தொண்ணூற்றொண்டு," என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அவள் தாளை என்னிடம் நீட்டினாள். நான் போனை எடுத்துப் பிரித்தேன். வரவில்லை. மறுபடி பிரித்தேன். வரவில்லை. கூட்டுத்தொகை பிழை என்று நினைத்து, முழுவதையும் மறுபடி கூட்டினேன். கூட்டுத்தொகை சரி. பஸ் கிண்ணியாவுக்கு அப்பால் வரும் கங்கைப் பாலத்தில் ஏறியது. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாம் தரமும் பிரித்துவிட்டு, "எங்கடை பிரிவிலைதான் பிழையாக் கணிச்சுப் போட்டிருக்கினம்," என்றேன்.

"பிரிக்கிற எண்ணைப் பாருங்கோ," என்றாள், ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பார்த்தேன். புள்ளிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு. அதில் ஆகக் கூடிய புள்ளி எடுத்த சுட்டெண் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. ஆகக் குறைந்தது என்னுடையது. தொண்ணூற்றிரண்டால் பிரித்தேன். விடை தசமத்தோடு அச்சொட்டாக வந்தது. எனக்கு முகம் எரிந்தது. அவள் தாளை வாங்கி, சரி அடையாளம் போட்டு, "அடுத்தது நிகழ்தகவு," என்றாள்.

பரீட்சை வந்தது. எழுதினேன். பெறுபேறு ஒட்டிய நாளில் பலகைக்கு முன்னால் கூட்டம் தள்ளுமுள்ளுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்துத் தேடினேன். பாஸ்! அதுவும் நல்ல பாஸ்! நான் போட்ட கூக்குரலில் கன்ரீனுக்குள் இருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். பெட்டையள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். யாரோ தலையில் ஒரு போத்தல் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். பற்ச் போகவில்லை! நான் இருக்கிறேன்! சுற்றின சுற்றில் ஒரு கணம் அவளைக் கண்டேன். குழாயடியில் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கப் போனேன். பக்கத்தில் எல்லோரும் நின்றார்கள். தூக்கின கையால் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பற்ச் எனக்காகக் கொத்துரொட்டி பார்ட்டி வைத்தது. நான் பஸ் ஏறவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் ஏறவில்லை. பாடம் முடிந்துவிட்டதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைப் போல ஒரு நன்றிகெட்டவளை நான் பிறகு கண்டதில்லை.

மூன்று கிழமை கழித்துத் துறைமுகத்துக்குள் களப்பயணம். பிறந்ததிலிருந்து வெளியிலிருந்தே பார்த்த இடத்துக்குள் நுழையப் போகிறோம் என்று எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்தோம். இரண்டு பஸ் பிடித்துப் பாட்டும் கூத்துமாகப் போய் வாசலில் இறங்கினோம். அவள் தனியாக முந்தி வந்து வேலியோரம் நின்றாள். பக்கத்தில், எங்கள் நகரத்துத் தெருக்களில் ஆடுமாடு போலத் திரியும் மான்கள் இரண்டு யாரோ போட்ட சோற்றுப் பார்சல் தாளை நக்கிக்கொண்டு நின்றன. விரிவுரையாளர் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு முத்திரை குத்துவதற்காக உள்ளே கந்தோருக்குப் போனார். "வரிசையா நில்லுங்கோ, எண்ணிக்கை கேப்பினம், சொல்லுங்கோ," என்று எனக்குத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் வரிசையில் நின்றோம். அவளும் கடைசியில் வந்து நின்றாள். வாசல் காவலர் வந்தார். நல்ல மனிதர். சிங்கள வாடையோடு தமிழ் கதைத்தார். "எத்தனை பேர்?"

பழக்கதோசம். நான் திரும்பி, "பற்ச் எத்தனை?" என்றேன். "தொண்ணூற்றொண்டு!" என்று துறைமுகம் அதிரக் கத்தினார்கள். மான்கள் ஓடின. காவலர் சிரித்தார். பிறகு விரலை நீட்டி வரிசையை எண்ணிக்கொண்டு போனார். கடைசியில் நின்று நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணிக்கொண்டு வந்தார்.

"நீங்க சொல்றது தொண்ணூத்தியொண்டு. நிக்கிறது தொண்ணூத்திரெண்டு. ஒரு ஆள் கூட. யார் வெளியாள்?"

ஒன்றரை வருடமாக அவளைப் பற்றிப் பேசாமல் பழகிய வாய்கள். 'அவளும் நாங்கள்தான்' என்று சொல்ல ஒருவருக்கும் வரவில்லை. 'அவள் வெளியாள்' என்று சொல்லவும் ஒருவருக்கும் துணிவில்லை. தொண்ணூற்றொரு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வெளியாள் உள்ள போக ஏலாது. யாரெண்டு சொல்லுங்க," என்றார் காவலர். இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

அப்போது அவள் தானாகவே வரிசையை விட்டு ஒரு அடி வெளியே வந்தாள். யாரும் சொல்லவில்லை. அழவும் இல்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடினாள். அவ்வளவு பழகிப்போன ஒரு அடி அது. வாழ்நாள் முழுக்க இப்படி வெளியே வந்து நின்றே பழகியவள் போல. அந்த முதல் தொண்ணூற்றொன்றைக் கத்தியது என் தொண்டை. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளை வெளியே தள்ளியது என் தொண்டை. பற்ச் போய்விடுமே என்று ஒரு பக்கம் மனம் பதறியது. மற்றப் பக்கம் கங்கைப் பாலமும் விரலும் தாளும் வந்து நின்றன.

"பற்ச் எத்தனை?" என்று கத்தினேன்.

ஏன் கத்துகிறேன் என்றே அவர்களுக்கு விளங்கவில்லை. கிண்ணியாப் பெடியன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். நானே என் கேள்விக்கு, இருந்த மூச்சு முழுவதையும் சேர்த்து, பதில் சொன்னேன்.

"தொண்ணூற்றிரெண்டு!"

அவளுடைய கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றேன் காவலரிடம். "வெளியாள் ஆரும் இல்லை. அவ எங்கடை ஆள்." அந்த நேரம் விரிவுரையாளர் பட்டியலோடு வந்து சேர்ந்தார். அதில் தொண்ணூற்றிரண்டு பெயர். காவலர் தலையாட்டிக்கொண்டு வாசலைத் திறந்தார்.

உள்ளே பாரந்தூக்கிகளைப் பற்றியும் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றியும் யாரோ விளக்கினார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பற்ச் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நாங்கள் இன்னும் முதலாவது கப்பலைக்கூடத் தாண்டவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, பொய் சொல்லமாட்டேன். எதை இழக்கக்கூடாது என்று ஏழு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேனோ, அது ஒரு விரல் தட்டில் போய்விட்டது.

பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது. தடித்த கண்ணாடி.

"உனக்கென்ன விசரே?" என்றாள்.

முதன்முறையாக 'உனக்கு'. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தேன். "ஓம். கொஞ்சம்."

"இனி உனக்கு ஆரடி குப்பி எடுக்கிறது? ஒருத்தரும் வராயினம்."

"நீதான். இனிப் பஸ்ஸுக்கும் காசு மிச்சம்."

அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பு. அந்த உடம்புக்குள் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது என் பழைய வாங்கில் பைகளை வைத்து அடைத்திருந்தார்கள். நேரே கடைசி வரிசைக்குப் போனேன். யன்னலோரம் அவள் இருந்தாள். காலியாகக் கிடந்த இடத்தில் நான் இருந்தேன். நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. என் கால்கள் தானாக எழும்பப் பார்த்தன, பிடித்துக்கொண்டேன். கிண்ணியாப் பெடியனை வாங்கில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பாவம், அவனுக்கு அந்தத் தொண்டையும் இல்லை, அந்த மனமும் இல்லை.

"பற்ச் எத்தனை?" என்றான்.

"தொண்ணூறு!"

மேசைகளில் அடி விழுந்தது. பழைய சத்தம், அதே அதிர்வு, நான் மட்டும் அதில் இல்லை. இதைத்தான் இவள் ஒன்றரை வருடமாக, ஒவ்வொரு கிழமையும், பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தேன். அவள் பேனை மூடியைக் கழற்றவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்தடி," என்றாள்.

சப்பாத்துச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்து, மேசையில் ஒன்றாக அடித்து, ஒன்றாகக் கத்தினோம்.

"ரெண்டு!"

யன்னலுக்கு வெளியே மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.